அவள் கதையைக் கேட்போம், அவள் பெயரை எழுதுவோம்



‘அகதி’ என்னும் சொல்லுக்குக் கதியற்றவர் என்பது பொருள். போக்கிடமும் புகலிடமும் இல்லாதவரைக் குறிக்கும் இச்சொல், கடந்த நாற்பது ஆண்டுகளில் இலங்கையின் தமிழ் பேசும் மக்களது அன்றாட வழக்கில் முகாம், நிவாரணம், பங்கீட்டு அட்டை என்பவற்றோடு சேர்ந்து ஒலிக்கும் சொல்லாகிவிட்டது. எல்லை கடந்து சென்றவரை அகதி என்றும், நாட்டுக்குள்ளேயே ஊர்விட்டு ஊர் சென்றவரை இடம்பெயர்ந்தவர் என்றும் சட்டம் வேறுபடுத்துகின்றது. வீட்டை இழந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்தவாறு பாடசாலைக் கட்டடமொன்றின் தரையில் பாய் விரிக்கும் தாய்க்கோ அவ்விரண்டும் ஒன்றே.

நிவாரண அறிக்கைகளிலும் செய்திப் படங்களிலும் இத்தாயை நாம் ஒரே கோலத்தில்தான் காண்கின்றோம். வரிசையில் நிற்பாள், பெற்றுக்கொள்வாள், நன்றி கூறுவாள். அம்பாறைக் கரையோரம் நமக்குக் கற்பித்த பாடம் வேறு. இடம்பெயர்ந்த பெண் சொன்னதை ஊர் செவிமடுத்தபோது உதவி சரியான வாசலைச் சென்றடைந்தது. செவிமடுக்காதபோது, நல்லெண்ணத்தோடு செய்த உதவியும் அவளிடம் எஞ்சியிருந்ததைப் பறித்துக்கொண்டது. இவ்வாரம் இவ்வுண்மையைச் சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

கடலுக்கும் வயலுக்கும் நடுவே

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என வடக்கிலிருந்து தெற்காக நெருங்கிக் கிடக்கும் ஊர்கள் இவை. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இரண்டுக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறி மாறி அமைந்திருக்கின்றன. கைத்தறி நெசவுக்குப் பேர்பெற்ற மருதமுனையும், திரௌபதை அம்மன் ஆலயத்தால் பேர்பெற்ற பாண்டிருப்பும், விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவும் ஒரே வீதியில் வருகின்றன. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் மூன்றையும் சில நிமிட நடையில் கடந்துவிடலாம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். ஞாயிற்றுக்கிழமையும் பூரணை விடுமுறையும் ஒன்றாய் வந்த அன்று காலை, கடல் இவ்வூர்களுக்குள் புகுந்தது. இலங்கையின் மாவட்டங்கள் யாவற்றுள்ளும் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. அங்கு மாண்டோர் 10,000 பேருக்கும் அதிகம்.

மாண்டவருள் யார் அதிகம் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அம்பாறை மாவட்டத்தின் 13 முகாம்களில் தங்கியிருந்த 859 குடும்பங்களை ஆராய்ந்து 2006இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று, அக்குடும்பங்களின் பெண்களுள் 100க்கு 17 பேருக்கு மேல் இறந்தனர் என்றும் ஆண்களுள் 100க்கு 8 பேர் இறந்தனர் என்றும் கணக்கிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் உயிரிழந்தனர். விடுமுறை நாளில் வீட்டுக்குள் வேலையாக இருந்தமை, நீந்தப் பழகாமை, ஓடுவதற்குத் தடையான உடை, இடுப்பிலிருந்த பிள்ளையை விட்டுவிட மனம் இல்லாமை ஆகிய அனைத்தும் பெண்களுக்கு எதிராக நின்றன. தப்பிய பெண்கள் பலர் தம் துயரை ஆற்றிக்கொள்ள நேரமின்றி, இறந்துபோன உடன்பிறந்தாளின் பிள்ளைகளுக்கும் தாயாகினர். சேவை என்னும் சொல்லை நாம் எங்கு தேடுவது? அது அந்த முகாமின் அடுப்படியிலேயே தொடங்கிவிட்டது.

கதை ஆலோசனையாயிற்று

முதல் சில நாட்களை இக்கரையோர மக்கள் இன்றும் நினைவுகூருவர். பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் கதவு திறந்தன. அம்பாறை நகரிலிருந்தும் உட்பகுதிக் கிராமங்களிலிருந்தும் சிங்கள மக்கள் உணவுப் பொதிகளோடு வந்தனர். யார் எந்த இனம் என்று அப்பொழுது எவரும் கேட்கவில்லை.

பின்னர் நிவாரண நிறுவனங்கள் வந்தன, பட்டியல்கள் வந்தன. அரிசி, மா, சீனி, பால்மா என்று பட்டியல் நீண்டது. அதில் இடம்பெறாதவை சில இருந்தன. மறைப்பில்லாத கிணற்றடியில் வயதுவந்த பெண்பிள்ளை எவ்வாறு குளிப்பாள்? வெளிச்சமற்ற மலசலகூடத்துக்கு இரவில் எவ்வாறு செல்வாள்? மாதவிடாய்க்கு வேண்டிய துணிக்கு யாரிடம் கேட்பாள்? கணவனை இழந்து நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டிய முஸ்லிம் பெண், அந்நிய ஆடவர் நடுவே வரிசையில் நின்று பங்கீடு பெறுவது எங்ஙனம்? எந்த உத்தியோகத்தரும் தீய எண்ணத்தோடு இவற்றை விட்டுவிடவில்லை. பட்டியல் எழுதப்பட்ட மேசையைச் சுற்றிப் பெண்கள் இருக்கவில்லை, அதுவே குறை.

அக்குறையைத் தீர்த்தவர்களும் பெண்களே. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கிழக்கின் பெண்கள் அமைப்புகள் ஒன்றுகூடி, முகாம்களுக்குச் சென்று, பெண்கள் சொன்னவற்றைத் தொகுத்து அதிகாரிகளிடம் எடுத்துரைத்தன. அக்கரைப்பற்றில் இயங்கும் பாதிக்கப்பட்ட பெண்கள் அரங்கம், தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்களோடு சேர்ந்து பணியாற்றி வந்துள்ளது. மட்டக்களப்பின் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் வரலாறு இன்னும் கருத்தூன்றத் தக்கது. போரினால் வடக்கு கிழக்கிலிருந்து கொழும்புக்கு வந்து முகாம்களில் வாழ்ந்த பெண்களுக்குத் துணையாக அது 1991இல் உருவாயிற்று. 1993இல் அப்பெண்கள் மட்டக்களப்புக்குத் திரும்பியபோது, அந்நிலையமும் அவர்களோடு புறப்பட்டது. அகதி முகாமில் முளைத்த அமைப்பொன்று, பதினோராண்டுகளின் பின் கடல் ஊருக்குள் புகுந்த வேளையில் அதே கிழக்கு மண்ணின் பெண்களுக்குத் தோள்கொடுக்க ஆயத்தமாய் நின்றது. துன்பத்தை அறிந்தவளே துன்பத்தின் தேவையை அறிவாள்.

ஓர் எச்சரிக்கையும் இங்கு வேண்டும். கதையைக் கேட்பது வேறு, கறப்பது வேறு. நிறுவனத்துக்கு ஒரு முறை, நிருபருக்கு ஒரு முறை, வெளிநாட்டு விருந்தினருக்கு ஒரு முறை என்று தன் பிள்ளையின் மரணத்தையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னால், அத்தாய்க்குச் செய்வது ஆறுதலாகாது. அவள் சொன்னதால் அடுத்த நாள் கிணற்றடிக்கு மறைப்பு வந்திருக்குமானால் நாம் கேட்டோம் என்று கூறலாம். புகைப்படம் மட்டும் வந்திருக்குமானால் நாம் கேட்கவில்லை.

வீடு யாருடையது?

கேளாமையின் விலை எவ்வளவு என்பதை வீட்டுத்திட்டங்களில் கண்டோம்.

இக்கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் பழைய வழக்கமொன்று உண்டு. குடிவழி தாய்வழியாகவே எண்ணப்படும். திருமணமானதும் மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து குடியேறுவான். மகளுக்கு வீடு கட்டிக்கொடுப்பது பெற்றோரின் தலையாய கடன். அதற்காக அண்ணன் தம்பியரும் உழைப்பர். மூத்த மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அருகில் சிறு வீடொன்றுக்கு ஒதுங்குவதும் உண்டு. சீதனத்தின் சுமையால் ஏழைக் குடும்பங்கள் நசுங்குவது இவ்வழக்கத்தின் இருண்ட பக்கம். ஆயினும், வீடு பெண்ணுடையது என்னும் உறுதியான நிலையை அது தந்திருந்தது. கணவன் கைவிட்டாலும் அவள் வீதிக்கு வருவதில்லை.

ஆழிப்பேரலையின் பின் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலில் அறிவிக்கப்பட்டது. கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருங்கி வாழும் ஊர்களுக்கு இது எத்தகைய இடி என்பதை விளக்க வேண்டியதில்லை. பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. மருதமுனையில் எழுந்த ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ அக்காலத்தின் அடையாளத்தைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது. சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமம் போன்ற புதிய குடியிருப்புகள் எழுந்தன. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் கட்டப்பட்ட 500 வீடுகளோ, இன விகிதாசாரம் பற்றிய வழக்கினால் பல்லாண்டுகள் ஆளின்றிக் கிடந்தன.

வீடு கிடைத்த இடங்களிலும் ஒரு கேள்வி எழுந்தது. உறுதியில் யார் பெயர்? அரசாங்கப் படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம் இருந்தது. அக்கட்டத்தில் பெரும்பாலும் கணவனின் பெயரே எழுதப்பட்டது. கடல் கொண்டுபோனது மனைவியின் வீடு. அரசாங்கம் திருப்பித் தந்தது கணவனின் வீடு! தாய் தன் மகளுக்கு விட்டுச்செல்லும் வழக்கம் ஒரு பேனா முனையில் அறுந்துவிடும் நிலை வந்தது. மனைவியை இழந்தவன் மறுமணம் செய்தால், இறந்தவளின் பெண்மக்களுக்கு எந்த வீடு? பெண்கள் கேட்ட கேள்வி இதுதான். வீட்டுறுதி பெண்ணின் பெயரிலோ இருவர் பெயரிலுமோ அமைய வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் வலியுறுத்தின.

இக்குறையின் வேர் பழையது. அரச காணி வழங்கலை ஒழுங்குபடுத்தும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், உரிமையாளர் பின்னுரித்தாளரை நியமிக்காது இறந்தால் மகளுக்கு முன் மகனையே வைத்தது. 2022ஆம் ஆண்டில்தான் அவ்வேறுபாடு சட்டத் திருத்தத்தால் நீங்கியது. சட்டம் மாற 87 ஆண்டுகள் சென்றன. முகாமில் பாய் விரித்திருந்த பெண்கள் 2005இலேயே இதைச் சொன்னார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

பெற்றவர் கொடுப்பவரானார்

இது ஒரு கரையோரத்தின் கதை மட்டுமன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடு வாசல் இழந்தனர்; பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். அவ்வாறு மன்னாரை இழந்தவர்களுள் ஜுவைரியா மொஹிதீனும் ஷிரீன் சரூரும் அடங்குவர். முன்னவர் புத்தளத்தில் முஸ்லிம் பெண்களுக்கான அமைப்பொன்றை உருவாக்கி, இடம்பெயர்ந்த பெண்களுக்கும் அவர்களை ஏற்ற ஊரின் பெண்களுக்கும் சேர்ந்தே தொண்டாற்றி வருகின்றார். பின்னவர் தம்மை வெளியேற்றிய மண்ணுக்கே திரும்பிச் சென்று, தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒரே கூட்டமைப்பில் இணைத்தார். தமக்கு நேர்ந்ததை அவர்கள் மறைக்கவுமில்லை, மறக்கவுமில்லை. அதைச் சொல்லிக்கொண்டே அயலாருக்குக் கைகொடுத்தனர்.

பாக்கு நீரிணைக்கு அப்பால், 1984இல் தமிழகத்தில் ஈழ அகதிகளால் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் தொண்டர்கள், 2004இல் தமிழகக் கரையைக் கடல் தாக்கியபோது அங்கு பாதிக்கப்பட்ட மக்களுக்கு உதவ முன்வந்தனர். அகதி முகாமில் வாழ்பவர், தமக்கு இடந்தந்த நாட்டின் மீனவக் குடும்பத்துக்கு ஆறுதல் கூறும் காட்சியை எண்ணிப் பாருங்கள். 2024ஆம் ஆண்டின் இறுதியில் உலகில் பலவந்தமாக இடம்பெயர்ந்து வாழ்ந்தோர் 123 மில்லியனுக்கும் அதிகம் என்று ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவரகம் கணித்தது. அத்தனை பேரையும் சுமை என்று எண்ணும் உலகம், அவர்களுள் எத்தனை கைகள் உதவக் காத்திருக்கின்றன என்பதை எண்ணவில்லை.

உயிர்த்த ஞாயிறின் பின்

கிறிஸ்தவ வாசகர்களாகிய நாம் கடக்க வேண்டிய கடினமான வாசலொன்று இங்குண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுவர்கள் உட்படப் பலர் மாண்டனர். கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் வழிபாட்டில் இருந்தோர் கொல்லப்பட்டனர். ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26ஆம் திகதி, சாய்ந்தமருதில் வீடொன்றுக்குள் மறைந்திருந்த அக்குழுவினர் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். அவ்வீடு இருந்தது, ஆழிப்பேரலையில் வீடிழந்தோருக்கென எழுந்த அதே பொலிவேரியன் கிராமத்தில்.

அதன்பின் எத்தனை பேர் அவ்வூர்ப் பெயரைக் கேட்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டனர்! ஆனால், அவ்வீட்டாரின் நடமாட்டத்தில் ஐயுற்றுத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே என்பது எத்தனை பேருக்கு நினைவிலிருக்கின்றது? கடலிடம் அனைத்தையும் இழந்து மீண்டும் வீடு கட்டிய மக்கள், தம் வாசலில் வெடிக்கக்கூடிய குண்டைப் பொருட்படுத்தாது பிறர் உயிரைக் காக்க முனைந்தார்கள். இந்தக் கதையையும் நாம் கேட்கத்தான் வேண்டும். சீயோன் ஆலயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கதையையும், அச்சத்தோடு சந்தைக்குச் சென்ற முஸ்லிம் தாயின் கதையையும் ஒருமிக்கக் கேட்கும் செவி நமக்கு இருக்கின்றதா? ஒன்றைக் கேட்பதால் மற்றொன்றின் வலி குறைந்துவிடாது.

ஆகாரும் ரூத்தும்

வேதாகமத்தின் ஆகாரை இஸ்லாமியர் ஹாஜரா அம்மையார் என்று போற்றுவர். வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, பிள்ளையோடு பாலைநிலத்தில் தண்ணீருக்குத் தவித்த அந்தத் தாயை இரு சமயத்தாரும் தம் வரலாற்றில் வைத்திருக்கின்றோம். ஆதியாகமத்தில் அவள் முதன்முறை ஓடிப்போனபோது நடந்ததைக் கவனியுங்கள். நீரூற்றருகே அவளைக் கண்ட தேவதூதன், பெயர் சொல்லி அழைத்து, அவள் எங்கிருந்து வருகின்றாள், எங்கே போகின்றாள் என்றுதான் முதலில் வினவுகின்றான். யாவும் அறிந்தவர், அறியாதவர்போல அவள் கதையைக் கேட்கின்றார். கேட்கப்பட்ட அந்த அடிமைப்பெண், தன்னைக் காண்கின்ற கடவுள் என்று ஆண்டவருக்கே ஒரு பெயர் சூட்டுகின்றாள்.

ரூத்தின் வரலாறு இன்னும் ஒரு படி செல்கின்றது. மோவாபிலிருந்து பெத்லகேமுக்கு வந்த அந்நிய விதவை அவள். வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கி மாமியாரைக் காப்பாற்றுகின்றாள். போவாஸ் அவளைச் சந்திக்குமுன்பே அவள் கதையைக் கேட்டறிந்திருக்கின்றான். அதனால்தான் அவள் நாணாதவாறு கதிர்களை வேண்டுமென்றே விட்டுவைக்கும்படி வேலையாட்களிடம் சொல்கின்றான். அவ்வளவோடு நிற்கவில்லை. ஊர் வாசலில் மூப்பர் பத்துப் பேரை அமர்த்தி, நகோமியின் காணி விவகாரத்தைச் சாட்சிகள் முன் தீர்த்துவைக்கின்றான். கருணையில் தொடங்கிய வரலாறு காணி உரிமையில் முடிகின்றது. அந்நியப் பெண்ணாய் வந்தவள் தாவீதின் பாட்டன் ஓபேதைப் பெற்று, அவ்வூரின் வரலாற்றுக்கே தாயாகின்றாள்.

நாம் செய்யக்கூடியவை

அன்புக்குரியவர்களே, இத்தனையும் வாசித்து இரக்கப்படுவதோடு நின்றுவிட வேண்டாம். நம் திருச்சபை நிவாரணக் குழுவொன்றை அமைக்கும்போது, உதவி பெறப்போகும் பெண்களுள் இருவரையேனும் அக்குழுவில் அமர்த்துவோம். பட்டியல் எழுதுமுன் அவர்களைப் பேசவிடுவோம். வீடோ காணியோ வழங்கும் பணியில் நாம் பங்கேற்றால், உறுதியில் யார் பெயர் எழுதப்படுகின்றது என்று துணிந்து கேட்போம். நம் சொந்தக் குடும்பத்தின் காணிப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். மாதர் சங்கக் கூட்டத்துக்கு இடம்பெயர்ந்து வந்த சகோதரியை அழைத்தால், பரிசுப் பொதியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிடாமல், அவளுக்குத் தெரிந்த தொழிலையோ அறிவையோ நமக்குக் கற்பிக்கும்படி கேட்போம். நெசவோ, கணக்கோ, துயருற்றவரைத் தேற்றும் கலையோ, அவளிடம் நாம் கற்கவேண்டியது நிச்சயம் இருக்கும். அயல் ஊர் முஸ்லிம் சகோதரியோடும் இந்துச் சகோதரியோடும் அவ்வாறே.

கடல் கொண்டுபோனவற்றை நம்மால் மீட்க முடியாது. போர் பறித்த ஆண்டுகளையும் திருப்பித்தர இயலாது. பேசுவதற்கு ஓர் இருக்கையும், உறுதியில் ஒரு வரியும் தருவதற்கு நமக்கு ஆற்றல் உண்டு. பாலைநிலத்தில் ஒரு பெண்ணிடம் அவள் கதையைக் கேட்ட ஆண்டவர், நம் ஊரில் தஞ்சம் புகுந்தவளின் வார்த்தையைக் கேட்கும் செவியையும், கேட்டபடி செய்யும் துணிவையும் நமக்குத் தந்தருள்வாராக.